வலி தெரியாத கை



வலி வந்தால், அது நீங்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். வலியே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா? நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன்; வைத்தியம் படித்தவன் அல்ல. இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சகோதரியின் கை.

2023 வைகாசி மாதம். குலசேகரன்பட்டினத்தில் பதநீர் காய்ச்சும் எங்கள் சபைச் சகோதரியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். கொதிக்கிற சட்டியின் விளிம்பில் அவருடைய இடது சுண்டுவிரல் பட்டுக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவே இல்லை. "அக்கா, கை!" என்று கத்தினேன். விரல் கொப்பளித்துவிட்டது. "சூடே தெரியல பாஸ்டர்" என்றார் சாதாரணமாக. முந்தானைக்குள் மறைத்திருந்த முழங்கையில் வெளுத்த தேமல் ஒன்று இருந்தது.

நமக்குச் சூடு பட்டால் என்ன நடக்கிறது?

1. மூளையும் தண்டுவடமும்: இவை இரண்டும் நரம்பு மண்டலத்தின் தலைமை. மூளை மண்டையோட்டுக்குள்ளும், தண்டுவடம் முதுகெலும்புக்குள்ளும் பத்திரமாக இருக்கின்றன. மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் புறப்பட்டு சரீரமெங்கும் கிளைவிடுகின்றன.

2. சேதி போகும் வழி: விரலில் சூடு பட்டதும் உணர்ச்சி நரம்பு அந்தச் சேதியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. தண்டுவடம் மூளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இயக்க நரம்பு வழியாக உடனே தசைக்குக் கட்டளை போகிறது. கை வெடுக்கென்று பின்னுக்கு வருகிறது. "ஆ, சுட்டுட்டே!" என்று நாம் அறிவது அதற்குப் பிறகுதான்.

3. மூன்று வேலைகள்: உணர்ச்சி நரம்பு சேதி கொண்டுவரும். இயக்க நரம்பு தசையை அசைக்கும். நாம் நினையாமலே வேலை செய்யும் நரம்புகளும் உண்டு. வியர்வையும் இருதயத் துடிப்பும் அவற்றின் பொறுப்பு.

தொழுநோய்க் கிருமி இந்த நரம்புகளைத்தான் பிடிக்கிறது. அதை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு கெட்டால் மூன்று வேலையும் நின்றுபோகும். சுண்டுவிரல் மரத்துவிடும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும், தோல் வியர்க்காமல் வறண்டு வெடிக்கும்.

விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றே ஜனங்கள் நெடுங்காலம் நம்பினார்கள். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகளின் கைகளைக் கூர்ந்து கவனித்தார். மாமிசம் தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டுக்காயமும் கவனிக்கப்படாமல், சீழ்பிடித்து விரலைத் தின்றன என்று கண்டார். மடங்கிய விரல்களுக்கு, வேலை செய்கிற தசைநாணை மாற்றி இணைத்து நிமிர்த்தும் அறுவைசிகிச்சையும் செய்தார். வலி ஒரு நல்ல ஈவு என்று கடைசிவரை சொல்லிவந்த அவர் 2003-இல் மரித்தார்.

இப்போது என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். "எப்பக்கா இது வந்தது?" என்று கேட்டேன். "ரெண்டு வருசமாச்சு பாஸ்டர். குஷ்டம் பாவத்துக்கு அடையாளம்னு நீங்க பிரசங்கத்துல சொன்னீங்கள்லா? அதக் கேட்ட பொறவு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். என் தலை குனிந்தது. லேவியராகமத்தில் குஷ்டம் என்ற சொல் வஸ்திரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட வருகிறது. பலவிதமான தோல் கோளாறுகளுக்கும் அதே சொல்தான். அதை இந்த ஒரு வியாதியோடு ஒட்டி, வியாதிக்காரரைப் பாவியாகக் காட்டியவன் நான்.

மறுநாளே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். 12 மாதம் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். கிருமி ஒழிந்தது. ஆனால் சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்பவில்லை. நரம்பு அதிகம் கெடுவதற்கு முன் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இன்று அவர் துணி சுற்றித்தான் சட்டியைப் பிடிக்கிறார். இராத்திரிதோறும் விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரியமானவர்களே, தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது 2005-இல்தான். அதன்பின்னும் ஒவ்வொரு வருஷமும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். ஆகவே:

* வெளுத்த அல்லது சிவந்த தேமலில் தொடுவுணர்ச்சி இல்லையென்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.
* மருந்து எடுக்கிறவரிடமிருந்து நோய் பரவாது. பக்கத்தில் உட்காருங்கள்.
* சர்க்கரை வியாதியுள்ளவர்களே, உங்கள் பாதமும் மரத்துப்போகலாம். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

சிந்திக்க: நம் சபையில் யாராவது முந்தானைக்குள் கையை மறைக்கிறார்களா? அவர்கள் மறைக்கும்படி நாம் என்ன பேசினோம்?