நடுக்கத்தின் பிறப்பிடம்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம் முன்னோர் மரபு. அந்நிலமும் ஒரோவழி நடுங்குகின்றது. நடுங்கிய இடம் யாது, அஃது எத்துணை ஆழத்தது என்று நுணுகி அறிந்தாலன்றி, நடுக்கத்தின் காரணமும் அதனால் வரும் இடரும் நமக்கு விளங்கா.

2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவிற்கு மேற்கே, கடலடியில் 9.1 அளவுடைய பெருநடுக்கம் தோன்றிற்று. இந்திய நிலத்தட்டு, பர்மாத் தட்டின் கீழே சரிந்து புகும் இடம் அது. இரு தட்டுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டமையால் நெடுங்காலம் அழுத்தம் பெருகிற்று. அன்று அப்பற்று அறுந்தது. முறிவு வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடிற்று. கடற்றரை எழும்பி நீரைத் தள்ளியது. அவ்வலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஆயினும் கரையோரத்தார்க்கு முன்னறிவிக்கும் அமைப்பு அந்நாளில் இந்தியப் பெருங்கடற்கு இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

கண்ணுக்குப் புலனாகாத கடலடி நடுக்கத்தின் இடத்தை அறிவது எவ்வாறு? திருநாவலூர் வயலில் நிற்கும் உழவன் முதலில் மின்னலைக் காண்கிறான். பின்னரே இடியைக் கேட்கிறான். இடைப்பட்ட காலம் மிகுமாயின் இடி தொலைவிலுள்ளது என்று உணர்கிறான். நிலநடுக்கத்திலும் விரைந்து வரும் அலை ஒன்று. பின்தங்கி வரும் அலை மற்றொன்று. 1897ஆம் ஆண்டு அசாம் நடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து இவற்றை வேறுபடுத்திக் காட்டியவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரான ஓல்டாம் என்பவர். அண்மையில் நேர்ந்த நடுக்கமாயின், அலைகளின் இடைவெளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு எனக் கணக்கிடலாம். ஒரு நிலையத்தின் பதிவு தொலைவை மட்டுமே உரைக்கும், திசையை உரைக்காது. ஆதலின் நிலப்படத்தில் அத்தொலைவிற்கு ஒரு வட்டம் வரைவர். மூன்று நிலையங்களின் வட்டங்கள் கூடுமிடமே நடுக்கம் நேர்ந்த இடமாம்.

எனினும் அலை கடந்துவரும் பாறைகள் யாண்டும் ஒரு தன்மையன அல்ல; அதனால் கணக்கில் பிழை புகும். இதற்கு அறிஞர் ஓர் உபாயம் கண்டனர். அருகருகே தோன்றிய இரு நடுக்கங்களின் அலைகள் ஒரு நிலையத்திற்கு ஏறக்குறைய ஒரே வழியில் வருகின்றன. ஆகவே, ஒன்றன் பயண நேரத்தை மற்றொன்றனோடு ஒப்பிட்டுக் கழித்தால், வழியால் வந்த பிழை பெரிதும் நீங்கும். இங்ஙனம் திருத்தப்பெற்ற புள்ளிகளை வரைந்தால், சிதறிக் கிடந்தவை சாய்ந்த பலகை போல ஒழுங்குபடுகின்றன. அப்பலகையே பாறை வழுக்கிய பிளவு.

இதன் பயனை 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் காட்டிற்று. அதே கடற்பகுதியில் 8.6 அளவுடைய நடுக்கம் நேர்ந்தது. ஆனால் அதன் பிறப்பிடம், தட்டு கீழே புகும் அகழிக்கு மேற்கே இருந்தது. அங்குப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றிக் கடற்றரையைப் பெரிதும் உயர்த்தவில்லை. ஆகவே பேரலையும் எழவில்லை. 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இத்தகைய நடுக்கங்களை இரவும் பகலும் கண்காணித்து வருகிறது.

நடுக்கம் வரும் நாளை முன்கூட்டி உரைத்தல் இன்றும் எவர்க்கும் இயலாது. வந்தபின் அதன் இடத்தை விரைந்தும் திருத்தமாகவும் அறிதல் இயலும். அவ்வறிவு கரையை அடையும் நேரத்திலேயே பல்லாயிரவர் உயிர் அடங்கியுள்ளது. கடல் திடீரென உள்வாங்கக் காண்போர், எச்சரிக்கைக்கும் காத்திராது மேட்டுநிலம் சேர்தல் வேண்டும்.