புலப்படம் மட்டும் போதாது

வங்கியில் நிலப் பத்திரங்களைப் பார்த்தே பல வருஷம் கழிந்தது எனக்கு. அதிலிருந்து ஒரு பாடம்.

நம்ம திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. நிலமில்லாத பறையர்களின் நிலை பற்றி அங்கே கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். மறுவருஷம் வந்த அரசாணைப்படி கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். 10 வருஷம் விற்கக்கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள் மட்டுமே விற்கலாம்.

கம்பெனிக்கு நிலம் கேட்டு தரகர் வந்தால் புலப்படத்தை மட்டும் நம்பாதீங்க. அது எல்லையும் அளவும்தான் காட்டும். சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும், 1979-க்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பாருங்க. ‘நிபந்தனை’, ‘டி.சி.’ என்ற குறிப்பு இருந்தால், பட்டா யார் பேரில் இருந்தாலும் விசாரிக்கணும். தாலுகா ஆபீஸில் தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க.