மனை திருத்துதல்

தை பிறக்குமுன் மனையைத் தூய்மை செய்தல் தமிழர் வழக்கம். அப்போது பரணிலும் பெட்டியிலும் அடைந்து கிடக்கும் பொருள்களை மூவகையாகப் பகுத்தல் வேண்டும். நாள்தோறும் நமக்குப் பயன்படுவன ஒன்று. நமக்கு மிகையாய்ப் பிறர்க்குப் பயன்படுவன மற்றொன்று. முன்னோர் வைத்துச் சென்றவை மூன்றாவது.

நமக்கு வேண்டுவது சிறிதே என்பதைக் காந்தியடிகள் வாழ்ந்து காட்டினார். 1921ஆம் ஆண்டு மதுரையில், ஏழை மக்களின் நிலைக்கு இரங்கி, அரையாடையே போதுமெனக் கொண்டார். அவர் பெயரால், சிறுமலை அடிவாரத்தில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனாரும் 1947இல் நிறுவியதே காந்திகிராமம். மிகையானவற்றை இல்லார்க்கு ஈதல் அவ்வண்ணலின் நெறியாகும்.

மூன்றாம் வகையில் விழிப்பு வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளைக் குப்பையென எண்ணி நெருப்பிலும் ஆற்றுவெள்ளத்திலும் இட்டோர் பலர். அவ்வாறு அழிந்த நூல்கள் எத்தனையோ! எஞ்சியவற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் வீடுதோறும் சென்று தேடினார். அங்ஙனம் கிடைத்த ஏடுகளைக் கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்.

ஆதலின், மாணவர்களே! வேண்டுவனவற்றை ஒழுங்குற வையுங்கள், மிகையை ஈயுங்கள், பழஞ்சுவடி கிடைப்பின், கற்றோரிடம் காட்டாமல் எறியாதீர்கள்.