ஐதரசனைக் குடிக்கும் உலோகங்கள்

நெல்லை மூடையில் கட்டி வைக்கலாம். மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்கலாம். விறகை அடுக்கி மேலே கிடுகால் மூடிவிடலாம். ஐதரசன் என்னும் வாயுவை எதில் வைப்பது? அதை எரிபொருளாகப் பயன்படுத்த விரும்பிய எல்லோரையும் மறித்து நின்ற கேள்வி இதுதான்.

ஐதரசனைப் பற்றி வானொலியிலும் பத்திரிகைகளிலும் இப்போது அதிகம் பேசப்படுகிறது. தண்ணீரில் மின்னைச் செலுத்தினால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். அந்த ஐதரசனை எரித்தால் மீண்டும் தண்ணீரே உண்டாகும், கரிப்புகை இல்லை. நாம் வயலுக்கு எறியும் யூரியாவும் ஐதரசனில் இருந்தே தொடங்குகிறது. ஐதரசனையும் காற்றிலுள்ள நைதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கி, அதிலிருந்தே யூரியாவைச் செய்கிறார்கள். ஆகவே இது எமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல. மீள்குடியேறும் கிராமங்களுக்கு மின், பம்பி, குளிரூட்டி என்று பல திட்டங்களோடு பலர் வருவதுண்டு. அவர்கள் சொல்வதை நிறுத்துப் பார்க்க வேண்டுமானால், பொருளின் குணம் எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐதரசனின் குணம் இதுதான்: பாரம் மிகக் குறைவு, இடம் மிக அதிகம். 1 கிலோ ஐதரசனில் ஏறக்குறைய 2.8 கிலோ பெற்றோலின் சக்தி உண்டு. ஆனால் சாதாரண அமுக்கத்தில் அந்த 1 கிலோவுக்கு ஏறத்தாழ 12,000 லீற்றர் இடம் வேண்டும். அதாவது 200 லீற்றர் பரல்கள் அறுபது! இதைச் சுருக்குவதற்கு இரண்டு வழிகளே முன்பு இருந்தன. ஒன்று, இரும்புச் சிலிண்டருக்குள் 150 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலாக அடைப்பது. மற்றையது, பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிராக்கித் திரவமாக்குவது. முதலாவதற்குப் பாரமான சிலிண்டரும் பலமான அமுக்கியும் தேவை. இரண்டாவது, பெரிய ஆலைகளால் மட்டும் முடிகிற வேலை.

மூன்றாவது வழியை உலோகங்கள் காட்டின.

சுண்ணாம்பு நீற்றுவதைப் போல

சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல் தண்ணீரைக் குடிக்கும், கொதிக்கும், ஊதிப் பெருத்து, வெடித்து மாவாகும். அந்த மாவைத் தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. தண்ணீர் எங்கே போயிற்று? கல்லோடு சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டுமானால் மீண்டும் பலமாகச் சூடாக்க வேண்டும்.

சில உலோகங்களும் கலப்புலோகங்களும் ஐதரசனோடு இப்படியே நடந்துகொள்கின்றன. ஐதரசனின் அணுக்கள் உலோக அணுக்களின் இடைவெளிகளுக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. அவ்வாறு உண்டாகும் பொருளுக்கு உலோக ஐதரைட்டு என்று பெயர். குடிக்கும்போது வெப்பம் வெளிவரும், உலோகம் பெருக்கும், வெடித்து நுண்ணிய தூளாகும். சூடாக்கினால் ஐதரசன் வெளியேறும். சுண்ணாம்பைப் பழையபடி ஆக்கச் சூளை வேண்டும். நல்ல ஐதரைட்டுக்கோ சுடுதண்ணீரே போதும். அதன் சிறப்பு அங்கேதான் இருக்கிறது.

பலேடியம் என்னும் உலோகம் தன் கனவளவைப் போலப் பல நூறு மடங்கு ஐதரசனை உறிஞ்சுவதை 1866 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த இரசாயன அறிஞர் தோமஸ் கிரகாம் கண்டறிந்தார். ஆனால் பலேடியம் பொன்னோடு விலை பேசும் உலோகம். அதில் எரிபொருள் சேமிக்க எவராலும் இயலாது. அதன்பின் நூறு ஆண்டுகள் கழித்தே வழி திறந்தது. 1960களின் இறுதியில், ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரில் உள்ள பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் காந்தம் செய்வதற்கான ஒரு கலப்புலோகத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அது ஐதரசனை உறிஞ்சுவது தற்செயலாகத் தெரியவந்தது. அந்தத் தடத்தில் போய், இலந்தனம் ஒரு பங்கு அணுவும் நிக்கல் ஐந்து பங்கு அணுவும் சேர்ந்த கலப்புலோகத்தின் குணத்தை 1970 இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் றைலி, விஸ்வோல் என்னும் இருவர் மகனீசியமும் நிக்கலும் சேர்ந்ததை 1968 இலும், இரும்பும் தைத்தானியமும் சேர்ந்ததை 1974 இலும் எழுதினர்.

இலந்தன நிக்கலை எடுத்துக்கொள்வோம். அதன் நிறையில் 1.4 வீதம் அளவே ஐதரசன் கொள்ளும். 1 கிலோ ஐதரசனுக்கு 70 கிலோவுக்கு மேல் உலோகம் வேண்டும். ஒன்றரைச் சீமெந்துப் பையின் பாரம். ஆனால் இடம்? தூளின் இடைவெளியையும் சேர்த்து ஒரு பெரிய வாளி போதும். அறுபது பரல் வாயு ஒரு வாளிக்குள்! உலோகத்துக்குள் ஐதரசன் அணுக்கள், திரவ ஐதரசனில் இருப்பதைவிட நெருக்கமாக இருக்கின்றன என்பதை முதலில் கேட்பவர் நம்பமாட்டார்.

சூடே அமுக்கி

வாயுவை அமுக்குவதற்கு நாம் அறிந்த கருவி சயிக்கிள் பம். தண்டு, வாசர், கைப்பலம் எல்லாம் வேண்டும். வாசர் தேய்ந்தால் காற்றுப் போகாது. ஐதரைட்டு அமுக்கியில் தண்டும் இல்லை, வாசரும் இல்லை.

இலந்தன நிக்கல் 25 பாகையில் ஏறத்தாழ 2 வளிமண்டல அமுக்கத்திலேயே ஐதரசனைக் குடிக்கத் தொடங்கும். இது சயிக்கிள் ரியூப்பில் உள்ளதிலும் குறைவு. அது நிறையக் குடித்தபின் வாயிலை மூடி, கொதிநீரால் 100 பாகைக்குச் சூடாக்குங்கள். இப்போது அது ஐதரசனை 20 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் வெளியே தள்ளும். ஒரு பக்கம் பச்சைத்தண்ணீர், மறுபக்கம் சுடுதண்ணீர். பத்து மடங்கு அமுக்கம். அந்த வாயுவை வேறொரு கலப்புலோகத்துக்குக் குடிக்கக் கொடுத்து, அதையும் சூடாக்கினால் அமுக்கம் இன்னும் ஏறும். இப்படிப் படிப்படியாக நூற்றுக்கணக்கான வளிமண்டலம் வரை உயர்த்தலாம். வெயிலில் சூடான நீரோ, ஆலையில் வீணாகப் போகும் வெப்பமோ இதற்கு உதவும்.

இந்த அமுக்கி விண்வெளிக்கும் போனது. 2009 மே மாதம் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய பிளாங்க் என்னும் விண்கலத்தின் கருவிகளைப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை அளவுக்குக் குளிராக வைத்திருக்க வேண்டியிருந்தது. தண்டு அடிக்கும் அமுக்கி அதிர்வை உண்டாக்கி அளவையைக் குழப்பும். ஆகவே இலந்தனம், நிக்கல், வெள்ளீயம் சேர்ந்த கலப்புலோகத்தை ஆறு கலங்களில் இட்டு, மாறி மாறிச் சூடாக்கியும் குளிராக்கியும் ஐதரசனை ஏறக்குறைய 50 வளிமண்டலத்துக்கு அமுக்கினர். விண்கலம் 2013 இல் பணி முடிக்கும் வரை இந்த முறை வேலை செய்தது. ஆட்டமும் அசைவும் இல்லாத இயந்திரம் என்பது எமக்கு மிகவும் பிடித்த விடயம்.

இதே முறையால் தண்ணீர் இறைக்கும் பம்பியையும் 1980 அளவில் அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். வெயிலால் ஐதரைட்டைச் சூடாக்கினால் ஐதரசன் வெளிவந்து ஒரு பையை ஊதச் செய்யும்; பை தண்ணீரை மேலே தள்ளும். பிறகு அந்தத் தண்ணீராலேயே ஐதரைட்டைக் குளிராக்கினால் அது ஐதரசனைத் திரும்பக் குடிக்கும், பை சுருங்கும், கீழிருந்து புதுத் தண்ணீர் வரும். அழகான யோசனை. ஆனால் வயலுக்கு வந்து சேரவில்லை. சூரிய மின்தட்டும் மின்பம்பியும் விலை குறைந்து முந்திக்கொண்டன.

குறைகள்

முதற் குறை பாரம். ஒரு காருக்கு 5 கிலோ ஐதரசன் என்றால் இலந்தன நிக்கல் மட்டும் 350 கிலோவுக்கு மேல். அதே சக்தியைத் தரும் பெற்றோல் 14 கிலோ அளவே. 1984 முதல் 1988 வரை மேற்கு பேர்லினில் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் ஐதரைட்டுத் தாங்கி பூட்டிய வாகனங்களை ஓட்டிப் பார்த்தது. வாகனங்கள் ஓடின, பாரத்தை வெல்ல முடியவில்லை. மகனீசியம் நிறையில் 7.6 வீதம் கொள்ளும், ஆனால் வெளியே எடுக்க 300 பாகையளவு சூடு கேட்கும். நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பாரம் குறையல்ல. எப்படியும் அதற்குப் பாரம் வேண்டும். 2005 இல் சேவைக்கு வந்த ஜேர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஐதரைட்டிலேயே ஐதரசனைக் கொண்டு செல்கின்றன.

இரண்டாவது வெப்பம். இலந்தன நிக்கல் 1 கிலோ ஐதரசனைக் குடிக்கும்போது வெளிவரும் வெப்பம் 50 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதை அகற்றாவிட்டால் குடிப்பதே நின்றுவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு. தாங்கியில் துளை விழுந்து ஐதரசன் வெளியேறத் தொடங்கினால் உலோகம் தானே குளிர்ந்து, வெளியேற்றத்தை மெதுவாக்கும். சிலிண்டர் வெடித்தால் அப்படி இல்லை. ஆயினும் தாங்கியை முழுதாக நிரப்பக்கூடாது. உலோகம் குடித்துக் கால்வாசி அளவு பெருக்கும்போது தூள் இறுகித் தாங்கியையே பிளந்துவிடும். ஈரம், ஒட்சிசன், காபனோரொட்சைட்டு கலந்த வாயு உலோகத்தின் உறிஞ்சும் திறனையும் கெடுத்துவிடும்.

பலருடைய கையிலும் ஓர் ஐதரைட்டு ஏற்கெனவே இருக்கலாம். திரும்பத் திரும்பச் சார்ச் பண்ணும் பென்ரோச் பற்றரிகள் பலவற்றில் என்.ஐ.-எம்.எச். என்ற ஆங்கில எழுத்துகளைக் காணலாம். அதற்குள் இருப்பது இலந்தன நிக்கலின் இனத்தைச் சேர்ந்த கலப்புலோகமே. 1997 இல் வந்த ரொயோற்றா பிரியஸ் காரும் அதே வகைப் பற்றரியையே கொண்டிருந்தது. முல்லைத்தீவு, திருகோணமலைக் கரையில் கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் கிடக்கும் கறுப்பு மணலின் இல்மனைற்றில் உள்ள உலோகங்கள் இரும்பும் தைத்தானியமுமே. றைலியும் விஸ்வோலும் சேர்த்த அதே இரண்டு. ஆனால் மணலில் அவை ஒட்சிசனோடு பிணைந்திருக்கின்றன. பிரித்தெடுப்பது பெரிய உலைவேலை.

கணக்குப் பார்ப்போம்

1 கிலோ ஐதரசன் செய்ய 9 லீற்றர் தண்ணீரும் 50 யூனிற்றுக்கு மேல் மின்னும் செலவாகும். அதை எரிபொருட்கலத்தில் இட்டு மின்னாக்கினால் 16 அல்லது 17 யூனிற் திரும்பக் கிடைக்கும். நல்ல பற்றரியில் 50 யூனிற்றைப் போட்டால் 40க்கு மேல் கிடைக்கும். வீட்டு விளக்குக்கும் வானொலிக்கும் பற்றரியே போதும். தோட்டத்துக்கு இறைப்பதானால் வெயில் நேரத்தில் பம்பியை ஓட்டி, மேட்டில் கட்டிய தொட்டியில் தண்ணீரையே சேமிக்கலாம். ஐதரசன் திட்டம் என்று எவரேனும் கிராமத்துக்கு வந்தால், எத்தனை யூனிற் போய் எத்தனை யூனிற் வரும், உலோகத்தின் பாரம் எவ்வளவு, வெப்பத்தை அகற்றத் தண்ணீர் எங்கிருந்து என்ற மூன்றையும் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

அலுமினியத் துண்டையும் கோஸ்ரிக் சோடாவையும் போத்தலில் இட்டு ஐதரசன் செய்து பிள்ளைகளுக்குப் பலூன் ஊதிக் காட்டுபவர்கள் உண்டு. காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை கலந்திருக்கும் ஐதரசன் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தறப்பாள் கொட்டிலுக்குள் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.