பேப்பரிலிருந்து பலகைக்கு: எலக்ட்ரிக் கிட்டாருக்கு டெம்ப்ளேட் செய்வது எப்படி?

கிட்டார் செய்யப் போறேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "என்ன மரம்?" ரெண்டாவது கேள்வி, "என்ன பிக்கப்?" "உன் பிரின்ட் அவுட் சரியான சைஸ்ல வந்திருக்கா?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. என்கிட்டயும் யாரும் கேக்கல. அதுக்கு நான் கொடுத்த விலை ஒரு நல்ல மகோகனிப் பலகை, அப்புறம் என் ரூம்மேட் கல்ச்சுரல்ஸ் மேடையில வாசிக்க வேண்டிய ஒரு பாட்டு. அந்தக் கதையை நடுவுல சொல்றேன். முதல்ல விஷயத்துக்கு வருவோம்.

எந்த கிட்டார்?

முதல் தடவை செய்யறவங்களுக்கு டெலிகாஸ்டர் மாடல்தான் நல்லது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் கம்பெனி 1950-ல் இதைக் கொண்டுவந்தது. எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்று முதலில் பெயர்கள் இருந்தன. 1951-ல் தான் டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. பாடி முழுக்க தட்டையான ஒரே பலகை. மேலே வளைவு, செதுக்கல் எதுவும் கிடையாது. நெக்கை ஒட்ட வேண்டாம், நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் போதும். அதனால் ரெடிமேட் நெக் ஒன்று வாங்கிக்கொண்டு பாடியை மட்டும் நாம செய்யலாம். நானும் அப்படித்தான் செஞ்சேன்.

மனசுல வெச்சுக்க வேண்டிய அளவுகள் இவை:

- ஸ்கேல் லெங்த், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் சாடில் வரை: 25.5 இன்ச், 647.7 மி.மீ.
- பாடியின் கனம்: 1.75 இன்ச், சுமார் 44.5 மி.மீ.
- பாடியின் நீளம், அகலம்: தோராயமாக 400 மி.மீ., 325 மி.மீ.
- நெக் பாக்கெட்டின் அகலம் சுமார் 56 மி.மீ., ஆழம் சுமார் 16 மி.மீ.

பிளான் இன்ச்ல இருந்தா, ஒரே ஒரு தடவை 25.4-ஆல் பெருக்கி மி.மீ.-க்கு மாத்திடுங்க. அப்புறம் கடைசி வரைக்கும் மி.மீ. மட்டும்தான். பாதி இன்ச், பாதி மி.மீ.ன்னு போனா எங்கேயோ ஒரு இடத்துல கண்டிப்பா சறுக்கும்.

டெம்ப்ளேட் எதுக்கு?

பலகை மேல நேரடியா வரைஞ்சு வெட்டினா என்னன்னு தோணும். ரௌட்டர் ஒரு நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல சுத்துற மெஷின். அதைக் கையால பென்சில் கோட்டு மேல நேரா ஓட்ட முடியாது. அதனால எம்.டி.எஃப். பலகையில பாடியோட உருவத்தை அச்சு அசலா செஞ்சு, மரத்து மேல ஒட்டி, பேரிங் வெச்ச பிட்டை அந்த ஓரத்தை ஒட்டி ஓட்டுறோம். டெம்ப்ளேட் எப்படியோ மரம் அப்படியே வரும். டெம்ப்ளேட்ல தப்பு இருந்தா அதுவும் அப்படியே மரத்துல இறங்கும். எம்.டி.எஃப்.ல ஒரு தப்பு பண்ணா புதுசா ஒரு துண்டு வெட்டிக்கலாம். மரத்துல பண்ணா பலகை போச்சு.

படி 1: பிரின்ட்

முழு கிட்டாரும் ஒரே தாளில் வேணும்னா ஏ0 சைஸ் தேவை, 841 x 1189 மி.மீ. சிவில், ஆர்க்கிடெக்சர் பசங்க டிராயிங் எடுக்குற பிளாட்டர் கடைகளில் கிடைக்கும். பாடி மட்டும் போதும்னா நாலு ஏ4 தாளில் அடங்கிடும்.

இங்கதான் நான் மாட்டினேன். கடையில் பி.டி.எஃப்.-ஐ "ஃபிட் டு பேஜ்" ஆப்ஷனில் எடுத்துக் கொடுத்தாங்க. பார்க்க அழகா இருந்தது. பிளானோட ஓரத்துல 200 மி.மீ. செக் லைன் ஒண்ணு இருந்தது. அதை நான் அளக்கவே இல்லை. அளந்திருந்தா 194 மி.மீ.ன்னு தெரிஞ்சிருக்கும். மொத்த டிராயிங்கும் 97 சதவீதமா சுருங்கியிருந்தது.

மூணு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. நெக் பாக்கெட்டோட உள்சுவரிலிருந்து சாடில் வரை இருக்க வேண்டியது சுமார் 187 மி.மீ. அதுல 3% குறைஞ்சா 5.6 மி.மீ. ஆனா நெக் நான் காசு கொடுத்து வாங்கினது, அது சுருங்கல. அதோட ஃப்ரெட் எல்லாம் 647.7-க்குத்தான் வெட்டியிருக்கு. நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 323.85 மி.மீ. அங்கிருந்து பிரிட்ஜ் வரையும் அதே 323.85 இருக்கணும். என் கிட்டாரில் 318.25 தான் இருந்தது. 12-ஆம் ஃப்ரெட்டில் வர வேண்டியது சரியா ஒரு ஆக்டேவ். எனக்கு வந்தது அதைவிட ஏறக்குறைய 15 சென்ட் கூடுதல். ஒரு செமிடோன் 100 சென்ட். ஓபன் கார்ட் பிடிச்சா நல்லாத்தான் கேக்கும், மேல போகப் போக காதைக் குத்தும்.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் வேற. டெம்ப்ளேட்டே என்னை எச்சரிச்சது. நெக்கோட ஹீல் 56 மி.மீ., டெம்ப்ளேட்டில் பாக்கெட் 54 சொச்சம்தான் இருந்தது, நெக் உள்ளே போகல. நான் என்ன பண்ணேன்? "பிளான் கொஞ்சம் டைட்டா போட்டிருக்காங்க"ன்னு சொல்லி அரம் எடுத்து ராவி, நெக்கை உள்ளே உட்கார வெச்சுட்டேன். தப்பை காட்டிக்கொடுத்த ஒரே இடத்தை நானே தேய்ச்சு அழிச்சேன். ரூம்மேட் கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு வேற ஒருத்தர் கிட்டாரைக் கடன் வாங்கி வாசிச்சான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்தது.

அதனால ரூல் இது: பிரின்ட் எடுக்கும்போது "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100% மட்டும். கையில் வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வெச்சு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளக்கணும். ரெண்டும் பார்க்கணும், ஏன்னா பிரின்டர் ரோலர் தாளை இழுக்கும்போது ஒரு திசையில மட்டும் அளவு மாறலாம். ரெண்டு திசையிலும் 194 வந்தா 200/194, அதாவது 103.1% வெச்சு மறுபடி எடுக்கலாம். திசைக்கு ஒரு அளவா வந்தா வேற பிரின்டர் தேடுங்க. பிரின்ட்டை ஜெராக்ஸ் போட்டு அதை உபயோகிக்காதீங்க, ஒவ்வொரு காப்பியிலும் இன்னும் கொஞ்சம் விலகும். பிளானில் செக் லைன் இல்லைன்னா பிரின்ட் எடுக்கும் முன்னாடி நீங்களே ஒண்ணு நீளத்துக்கு, ஒண்ணு அகலத்துக்கு வரைஞ்சு சேர்த்துடுங்க.

படி 2: ஒட்டுதல்

ஏ4 தாள்களை ஓரம் பார்த்து சேர்க்காதீங்க, நடுக்கோட்டைப் பார்த்து சேருங்க. கிட்டாரில் நட், நெக், பிக்கப், பிரிட்ஜ் எல்லாமே ஒரே நடுக்கோட்டில்தான் நிக்குது. ஜன்னல் கண்ணாடி மேல தாள்களை வெச்சா பின்னாடி வெளிச்சத்துல கோடு கோட்டு மேல பொருந்துறது தெரியும். டேப் ஒட்டினதும் நீள ஸ்டீல் ஸ்கேலை நடுக்கோட்டு மேல வெச்சுப் பாருங்க. இணைப்பில் ஒரு மி.மீ. உடைஞ்சாலும் பிரிச்சு மறுபடி ஒட்டணும்.

இதை எம்.டி.எஃப். மேல ஒட்ட தச்சர்கள் பயன்படுத்துற வெள்ளைப் பசையை எடுக்காதீங்க. அதுல தண்ணீர் இருக்கு. ஈரம் பட்டா தாள் விரியும், சுருங்கும், அளவு மறுபடி மாறும். குளூ ஸ்டிக் அல்லது ஸ்ப்ரே பசை போதும்.

படி 3: பேப்பரை எங்கே நம்பலாம்?

வளைவுகளுக்கு மட்டும் நம்புங்க. பாடியோட வெளிக்கோடு அரை மி.மீ. விலகினா யாருக்கும் தெரியாது, சத்தத்திலும் ஒண்ணும் ஆகாது. நெக் பாக்கெட், பிக்கப் குழி, பிரிட்ஜ் இடம் மூணும் அப்படி இல்லை. அதையெல்லாம் நீங்களே வரையணும். எம்.டி.எஃப்.ல முதலில் கூர்மையான கத்தியால நடுக்கோடு கீறிக்கோங்க. பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. தடிமன் உண்டு. அப்புறம் மூலைமட்டம் வெச்சு நடுக்கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் அளந்து குறிங்க. முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் "எல்லா அளவையும் ஒரே டேட்டம்ல இருந்து எடு"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? அது பயன்படுற இடம் இதுதான்.

நெக்கும் நீங்களே செய்யறதா இருந்தா இதே விதிதான் ஃப்ரெட்டுக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்கணும். முந்தின ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததுன்னு தாவினா, ஒவ்வொரு தாவலிலும் 0.2 மி.மீ. ஒரே பக்கம் தவறினாலும் 21-ஆம் ஃப்ரெட்டில் 4 மி.மீ.க்கு மேல தப்பா நிக்கும். ஸ்கேல் லெங்த்தை எல் என்று வெச்சா, n-ஆம் ஃப்ரெட்டின் தூரம் = எல் x (1 − 1/2^(n/12)). 647.7-க்கு சரிபார்க்க சில அளவுகள்: 1-ஆம் ஃப்ரெட் 36.35, 3-ஆவது 103.05, 5-ஆவது 162.47, 7-ஆவது 215.41, 12-ஆவது 323.85, 21-ஆவது 455.14 மி.மீ.

படி 4: வெட்டுதல்

ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே ரெண்டு மி.மீ. விட்டு வெட்டுங்க. மீதியை அரமும் உப்புத்தாளும் வெச்சு கோடு வரைக்கும் கொண்டு வாங்க. ஓரத்துல விரல் ஓட்டிப் பார்த்தா மேடு பள்ளம் கண்ணைவிட நல்லாத் தெரியும். எம்.டி.எஃப். தூசி நுரையீரலுக்கு ரொம்ப மோசம். மாஸ்க் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

நெக் பாக்கெட்டுக்கு ஒரு எளிய வழி இருக்கு. நேரான எம்.டி.எஃப். பட்டைகள் மூணு எடுத்து, உண்மையான நெக் ஹீலைச் சுத்தி மூணு பக்கமும் நெருக்கமா வெச்சு, கீழே ஒரு பலகையில் ஒட்டிடுங்க. நெக்கை எடுத்துட்டா அதே அளவில் டெம்ப்ளேட் கிடைச்சிடும். அளக்கவே வேண்டாம். ஆனா அதுக்கு முன்னாடி பிளானில் இருக்குற பாக்கெட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நிறுத்துங்க. நான் அரம் எடுத்த இடம் இதுதான்.

பாடி வெளிக்கோட்டுக்கு ஒண்ணு, பாக்கெட்டுக்கும் பிக்கப்புக்கும் ஒண்ணு, கண்ட்ரோல் குழிக்கு ஒண்ணுன்னு தனித்தனி டெம்ப்ளேட் நல்லது. எல்லாத்திலும் நடுக்கோடு இருக்கணும். ஒவ்வொண்ணும் ஒரே இடத்தில் உட்கார ரெண்டு ஸ்க்ரூ துளை போடுங்க. அந்தத் துளைகளை பின்னாடி குடைஞ்சு எடுக்கப்போற இடத்திலோ, பிரிட்ஜ் தகடு மூடுற இடத்திலோ வெச்சா வெளியே தெரியாது.

படி 5: டெம்ப்ளேட்டின் கனம்

இதை நிறைய பேர் யோசிக்கிறதில்லை. பேரிங் மேல் பக்கம் இருக்குற பிட்டில், வெட்டும் பகுதியின் நீளம் 25 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க. முதல் சுற்றில் 5 மி.மீ. ஆழம் வெட்டினா பேரிங் மரத்துக்கு மேலே 20 மி.மீ. உயரத்துல நிக்கும். டெம்ப்ளேட் 12 மி.மீ. கனம்னா பேரிங் காத்துல சுத்தும், பிட் டெம்ப்ளேட்டையே தின்னுடும். வெட்டும் நீளத்திலிருந்து ஆழத்தைக் கழிச்சா வர்ற எண், டெம்ப்ளேட் கனத்தைவிடக் குறைவா இருக்கணும். 12 மி.மீ. நீளமுள்ள குட்டை பிட் வாங்கினா 12 − 5 = 7, பிரச்சனை தீர்ந்தது.

ரௌட்டரை வெளி ஓரத்தில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலும், குழிக்குள்ளே கடிகாரத் திசையிலும் ஓட்டணும். மாத்தி ஓட்டினா மெஷின் கையை விட்டுப் பாயும். முதல் தடவை வொர்க்ஷாப் அண்ணாவையோ, தெரிஞ்ச ஆசாரியையோ பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

படி 6: மரத்தைத் தொடும் முன்

முடிஞ்ச டெம்ப்ளேட்டை மேஜையில வைங்க. நெக்கை பாக்கெட்டில் பொருத்தி, பிரிட்ஜை அதன் இடத்தில் வைங்க. மெல்லிய நூல் ரெண்டு எடுத்து, நட்டோட ரெண்டு ஓர பள்ளத்திலிருந்து பிரிட்ஜின் ரெண்டு ஓர சாடில் வரை இழுத்துக் கட்டுங்க. மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, நூலுக்கும் நெக் ஓரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் சமமா? ரெண்டு, நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் 323.85 வருதா? மூணு, 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து மெல்லிய ஈ கம்பியோட சாடிலும் அதே தூரம் வருதா? அந்த சாடிலை முன்பக்கம் தள்ளி வெச்சு அளங்க. கனமான கம்பிகளுக்கு சாடில் இன்னும் சில மி.மீ. பின்னாடி போகணும், அதுக்கு ஸ்க்ரூவில் இடம் மிச்சம் இருக்கணும்.

இது பத்து நிமிஷ வேலை. நான் இதைச் செஞ்சிருந்தா 5.6 மி.மீ. அன்னைக்கே மாட்டியிருக்கும்.

அந்த கிட்டார் இப்பவும் என் ரூமில் இருக்கு. பழைய பிரிட்ஜ் துளைகளில் மரக்குச்சி அடைச்சு, பிரிட்ஜை 5.6 மி.மீ. பின்னாடி நகர்த்தினேன். அடைச்ச புள்ளிகள் ரெண்டு வெளியே தெரியும். இப்போ 12-ஆம் ஃப்ரெட் சரியா பேசுது. ரூம்மேட்தான் தினமும் வாசிக்கிறான். ரெண்டாவது பாடிக்கு பிளான் போன வாரம் பிரின்ட் எடுத்தேன். கடையிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே அவன் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீட்டினான். 200 மி.மீ. கோடு, ரெண்டு திசையிலும் 200.