கருவறையை நாடும் கிருமியும் ஆய்வுக்கூட விலங்குகளும்

கருவுற்ற பெண்ணொருத்திக்கு இரண்டு நாள் இலேசான காய்ச்சலும் உடல்வலியும் உண்டாகின்றன. தாமே தணிந்தும் விடுகின்றன. சின்னாட்களில் கரு சிதைகிறது, அல்லது குழந்தை இறந்து பிறக்கிறது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா விளைவிக்கும் நோயின் போக்கு பலரிடத்தும் இத்தகையதே. நோய் அரிதுதான், எனினும் கருவுற்ற மகளிரைத் தேடி வந்து தாக்குவது போன்ற இயல்புடையது. தாய் பிழைக்கச் சேய் மாள்வது ஏன் என்று ஆராய்ந்த வரலாற்றில் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிந்துள்ளன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

இக்கிருமியே விலங்குகளிடமிருந்துதான் அறியப்பட்டது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகர ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட முயல்களும், கினிப்பன்றி எனப்படும் சீமைப் பெருச்சாளிகளும் திடீரென மாண்டபோது, மர்ரே, வெப், ஸ்வான் ஆகிய மூவர் காரணத்தை ஆராய்ந்து 1926இல் வெளியிட்டனர். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் பிரீ என்பார் ஜெர்பில் எனும் பாலைநில எலிகளிடத்தும் இதனைக் கண்டார். அறுவை மருத்துவ மேதை லிஸ்டரின் நினைவாகப் பெயர் அமைந்தது.

உணவின் வழியே இது பரவுகிறது என்பது தெளிவாக உறுதிப்பட்டது 1981இல். கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் 41 பேரைத் தாக்கிய இந்நோயில் 34 நேர்வுகள் கருவுற்றோரையும் சிசுக்களையும் சார்ந்தவை. காரணமாயிருந்த உணவு புலால் அன்று. பச்சை முட்டைக்கோசுக் கலவை! நோயுற்ற ஆடுகளின் எருவிட்ட நிலத்தில் விளைந்த கோசு, குளிர்கிடங்கில் நெடுநாள் வைக்கப்பட்டிருந்தது. லிஸ்டீரியா குளிரிலும் பெருகவல்லது. ஆதலின் மரக்கறி உண்போர்க்கு இந்நோய் வாராது என்று நாம் இறுமாந்திருத்தல் இயலாது. கருவுற்றோர் பச்சைக் காய்களை நன்கு கழுவி உண்ணுதலும், பாலைக் காய்ச்சியே பருகுதலும், குளிர்பதனப் பெட்டியில் வைத்த உணவை ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ணுதலும் வேண்டும். அன்றன்று சமைத்துப் பொழுது சாயுமுன் உண்டு, மிச்சம் வைக்காத நம் முன்னோர் வழக்கம் இவ்விடத்துப் பெருந்துணை. காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. காலத்தே அறிந்தால் ஆம்பிசிலின் மருந்தால் தீர்க்க வழியுண்டு.

இனி ஆய்வுக்கூடத்துக்குச் செல்வோம். பல்லாண்டுகள் இந்நோய்க்குச் சுண்டெலியே மாதிரியாகக் கொள்ளப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் பற்றி அதனிடம் கற்றது மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உணவோடு கொடுத்த கிருமி சுண்டெலியின் குடற்சுவரைக் கடப்பது அரிதாயிருந்தது. ஆகவே ஊசியால் இரத்தத்தில் செலுத்தினர். மனிதரைத் தாக்கும் வழி அதுவன்றே!

காரணம் 1999இல் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தாரால் விளங்கியது. கிருமியின் மேலுள்ள இன்டர்னலின் ஏ என்னும் புரதம், நம் உயிரணுக்களின் மேலுள்ள ஈ-காதரின் என்னும் புரதத்தைப் பற்றியே உட்புகுகிறது. அப்புரதத்தின் 16ஆம் இடத்தில் மனிதருக்கு இருப்பது புரோலின் என்னும் அமினோ அமிலம். சுண்டெலிக்கோ குளூட்டாமிக் அமிலம். இவ்வொரு வேறுபாட்டால் கிருமிக்குப் பிடி கிட்டவில்லை. சீமைப் பெருச்சாளியிடம் இப்பிடி உண்டு. ஆனால் கிருமியின் மற்றொரு புரதமான இன்டர்னலின் பி அதனிடம் செயற்படுவதில்லை. இரண்டும் பொருந்திய விலங்கு ஜெர்பில். அதனையும், ஈ-காதரின் மனிதருடையதைப் போல் மாற்றியமைக்கப்பட்ட சுண்டெலியையும் கொண்டு, நச்சுக்கொடியைக் கடக்க அவ்விரு புரதங்களும் சேர்ந்தே வேண்டும் என்று 2008இல் நிறுவினர். சீமைப் பெருச்சாளியில் நிகழ்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரே ஒரு கிருமி புகுந்தாலும் நச்சுக்கொடி நோயுறக்கூடும் என்றும், அங்குப் பெருகிய கிருமிகள் தாயின் உறுப்புகளுக்கே மீளும் என்றும் காட்டியது.

இக்கொலைகளை எவ்வகையில் சேர்ப்பது? நோய் தீர்க்கும் நோக்கம் மெய்யே. ஆயினும் கொல்வதை அறிந்தே கருதிச் செய்வதால் இது சங்கற்ப இம்சையைச் சாரும் என்பதே என் எண்ணம். அவ்வாறு எண்ணும் நாமும் அவ்வறிவால் விளைந்த மருந்தை உண்கிறோம். இம்முரண் எளிதில் தீர்வதன்று. பொருந்தா விலங்கைத் தேர்ந்து விடையின்றிப் போக்கிய உயிர்களை நினைக்கையில்தான் நெஞ்சம் மேலும் கனக்கிறது. விலங்குக்கு மாற்று, எண்ணிக்கையில் குறைப்பு, துன்பத்தில் தணிப்பு என மூன்று நெறிகளை ரசலும் பர்ச்சும் 1959இலேயே வகுத்தனர். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் தவிர்க்கக்கூடிய சோதனைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. பெரிய விலங்குக்கு மாற்றாக முயல், எலி போன்றவற்றைக் கொள்க என்றும் கூறுகிறது. ஐம்பொறியுயிர் என்ற அளவில் குரங்கும் எலியும் நமக்கு ஒன்றே. சட்டத்தின் அளவுகோல் வேறு.

மாற்று வழியும் திறந்துள்ளது. மானிட நச்சுக்கொடியின் திசுக்களையே ஆய்வுக்கூடத்தில் பேணி 2010இல் செய்த ஆய்வில், தாயின் குருதியில் தோயும் அதன் புறப்படலம் கிருமியை வலிவுடன் தடுப்பதும், கருப்பைச் சுவரில் ஊன்றும் அணுக்களின் வழியே கிருமி நுழைவதும் தெரியவந்தன. இதற்கு எலி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் உண்ட கிருமி குடலினின்று கல்லீரலுக்கும், அங்கிருந்து கருவறைக்கும் செல்லும் பயணத்தைத் திசுத்துண்டு காட்டாது. அதற்கு முழு உடலே வேண்டும் என்பர் ஆய்வாளர்.