கல்லாவுக்கு முன்னால் பத்து நிமிடம்



கடைக்காரர்கள் கிரிப்டோவில் பணம் வாங்க ஒரு செயலி எழுதப் புறப்பட்டிருக்கிறாய், தம்பி. இந்தத் தொழிலுக்கு வருகிற யாரும் முதலில் கேட்பது, எந்த செயினில் பிளாக் சீக்கிரம் வருகிறது என்பதைத்தான். பிட்காயினில் சராசரி 10 நிமிடம், லைட்காயினில் இரண்டரை, டோஜ்காயினில் ஒன்று, எத்தீரியத்தில் 12 வினாடி. இந்த வரிசையைப் பார்த்ததுமே தேர்வு முடிந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் அனுப்பியதற்கும் அது உறுதியாவதற்கும் நடுவில் ஏதாவது தப்பாகிப்போனால் நட்டம் யார் தலையில் விழும்? ஒரு கட்டண முறை கடையில் புழங்குமா, புழங்காதா என்பதற்கு இந்தக் கேள்வியே முக்கியம்.

அந்த 10 நிமிடத்தையே எடுத்துக்கொள். பிளாக்கைக் கண்டுபிடிக்கும் மைனிங் தாயம் உருட்டுவது மாதிரி. இதுவரை எத்தனை முறை விழாமல் போனது என்பது அடுத்த உருட்டலுக்குத் தெரியாது. கடைசி பிளாக் வந்து 9 நிமிடம் ஆகிறது, இதோ வந்துவிடும் என்று நிற்கிறவரிடம் சொல்ல வழியில்லை. அந்தக் கணத்திலிருந்து எண்ணினாலும் சராசரி 10 நிமிடம்தான். 10 நிமிடத்துக்குள் பிளாக் வர 63 சதவீதம் வாய்ப்பு. அரை மணியைத் தாண்ட ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 20 பேரில் ஒருவர். 2016 பிளாக்குக்கு ஒருமுறை மைனிங்கின் கடினத்தைத் திருத்துவதால் சராசரி நிலைக்கும், இந்த ஏற்ற இறக்கம் போகாது. பிளாக் வந்தாலும் அதில் இடம் கிடைக்க வேண்டும். கட்டணம் குறைத்து வைத்தவர் வரிசையில் பின்னுக்குப் போவார். வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் 2017 டிசம்பரில் பிட்காயினை நிறுத்தியபோது இந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரிந்தது. குறித்த நேரத்துக்குள் பரிவர்த்தனை முடியாவிட்டால் பிட்காயின் விலை மாறிவிடும். மிச்சத்தைத் திருப்ப வேண்டும், அல்லது குறைவதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் இன்னொரு கட்டணம். அப்போது அந்தக் கட்டணம் 20 டாலரை நெருங்கியிருந்தது.

அப்படியானால் பிளாக் நேரத்தைச் சுருக்கிவிடலாமே என்பாய். முதல் உறுதி, அதாவது பரிவர்த்தனை ஒரு பிளாக்கில் ஏறுவது, சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிளாக் வலையமைப்பு முழுக்கப் பரவ நேரம் பிடிக்கும். ஆய்வாளர்கள் டெக்கரும் வாட்டன்ஹோஃபரும் 2013-இல் பிட்காயினில் அளந்தபோது சராசரி 12.6 வினாடி. பிறகு அது குறைந்திருக்கிறது, ஆனால் சுழியம் ஆகாது. இடைவெளி அந்த அளவை நெருங்க நெருங்க ஒரே நேரத்தில் இரண்டு பிளாக் கிளம்பும், ஒன்று வீணாகும், அந்த இழப்பைப் பெரிய மைனர்கள் எளிதாகத் தாங்குவார்கள். கணினித்திறனை வாடகைக்கு எடுத்து, ஏறிய பரிவர்த்தனையை அழிக்கத் தாக்குகிறவனுக்கு எதிராக பிளாக் எண்ணிக்கையை விட அவற்றில் சேர்ந்த உழைப்பே காவல். ஆகவே லைட்காயினின் நான்கு உறுதிகளை பிட்காயினின் நான்குக்கு நிகராக வைக்கக் கூடாது. எத்தீரியத்திலோ 12 வினாடிக்கு ஒரு பிளாக் வந்தாலும், திரும்பப் பெற முடியாத இறுதிநிலைக்குச் சுமார் 13 நிமிடம் ஆகிறது. விளம்பரத்தில் இந்த எண் வருவதில்லை. அரை வினாடிக்குள் பிளாக் தரும் சொலானா 2024 பிப்ரவரியில் சுமார் 5 மணி நேரம் நின்றே போனது.

ஒரு காபிக்குப் போய் எதற்கு உறுதி, அனுப்பியது திரையில் தெரிந்தால் போதாதா? இது நியாயமான கேள்வி. கார்டும் அதைத்தான் செய்கிறது. தேய்த்த சில வினாடியில் ஒப்புதல் வரும், பணம் கடைக்காரர் கணக்குக்கு வர நாளாகும், வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் மாதங்கள் கழித்தும் திரும்பிப் போகும். ஆனாலும் கார்டு மெதுவானது என்று யாரும் குறை சொல்வதில்லை. நடுவில் வங்கி நிற்கிறது, யார் எதைத் தாங்குவது என்பதற்கு விதி இருக்கிறது, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறார்கள். பிட்காயினில் அந்த ஆள் இல்லை. பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணம் வைத்து வேறொன்றால் மாற்றலாம். 2024-இல் வந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 28ஆம் பதிப்பு இதை இயல்பாகவே அனுமதிக்கிறது. எனவே திரையில் தெரிவதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முன்னைவிடக் காரணம் குறைவு. பூனும் டிரைஜாவும் முன்வைத்த, பிட்காயினுக்கு மேல் ஓடும் லைட்னிங் வலையமைப்பு வங்கியின் அந்த இடத்தை முன்கூட்டிப் பூட்டிவைத்த பணத்தால் நிரப்புகிறது. வினாடியில் வேலை முடிகிறது. பூட்டிய தொகைக்கு மேல் அனுப்ப முடியாது, பணத்தைப் பூட்டும் சேனலைத் திறக்க மறுபடி பிளாக்குக்காகக் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் கல்லாவுக்கு இதுதான் சரியான திசை என்பேன்.

ஆகவே செயலியில் நிமிடத்தை இறங்குமுகமாக எண்ணும் கடிகாரம் வைக்காதே. அது பொய் சொல்லும். எத்தனை உறுதி வேண்டும் என்பதைத் தொகையோடு கட்டு: காபிக்கு லைட்னிங், மடிக்கணினிக்கு இரண்டு மூன்று பிளாக், காருக்கு ஆறு. விலையை எத்தனை நிமிடத்துக்கு நிறுத்திவைக்கிறாய், அது தாண்டினால் வித்தியாசம் யார் கணக்கில் சேரும் என்பதைப் பணம் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே, கடைக்காரர் படிக்கிற அளவு எழுத்தில் எழுது.